மூன்றாம் பத்தி, வட்டியும் செலவும் உட்பட

2022 ஜூன் 9

மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்றார். இந்த ஊரில் நாளை என்றால் அடுத்த வாரம்.

அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் வந்திருந்தது. எங்கள் ‘மாலைத் தென்னொளி’க்கு நோட்டீஸ் புதிதல்ல, மின்வாரியம் மாதாமாதம் அனுப்பும். இது வக்கீல் நோட்டீஸ். அனுப்பியவர் கல்யாண சமையல் ஒப்பந்தம் எடுக்கும் ஆவுடைத்தங்கம் என்ற அம்மா. போன மாதம் 26ஆம் தேதி பவளக்கொடி மகாலில் நடந்த கல்யாணத்தில் இருபத்து மூன்று பேருக்கு வாந்திபேதி. சமையல்தான் காரணம் என்று நாங்கள் போட்டது பொய்யாம். பணம் கேட்கவில்லை. அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பதினைந்து நாளுக்குள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தவறினால் பன்னிரண்டு லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்கு.

செய்தி நான் எழுதியது. குறிப்பாக மூன்றாம் பத்திக்கு ஆட்சேபம்.

ஜூன் 10

பிளம்பர் வரவில்லை.

எங்கள் ஊரில் நிருபர்கள் ஐந்து பேர், ஐந்து பத்திரிகைகள். எல்லாரும் எல்லா இடத்துக்கும் போனால் பெட்ரோலுக்குக் கட்டாது. ஒருவர் போவார், எழுதுவார், மற்ற நால்வருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அப்படியே அனுப்பினால் ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் ஒவ்வொருவரும் கொஞ்சம் மாற்றுவோம். ஊர்ப் பெயரை முன்னால் போடலாம். ‘பரபரப்பு’ சேர்க்கலாம். நடுவில் சொந்தமாக ஒரு வாக்கியம் செருகலாம்.

26ஆம் தேதி போனது எங்கள் ஐவரில் ஞானதிரவியம். ஆஸ்பத்திரியிலும் மகால் வாசலிலும் விசாரித்து எழுதியிருந்தான். மகால் மேனேஜர், “எல்லாம் சமையக்காரி செஞ்ச வேல” என்று அவனிடம் சொன்னாராம். அன்று எனக்கு ஒரு சொந்த வேலை.

ஜூன் 11

ஐந்து பத்திரிகைக்கும் நோட்டீஸ். நாலு பேர் இன்றே வருந்திவிட்டார்கள், மூன்றாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

எங்கள் ஆசிரியர், வெளியிடுபவர், உரிமையாளர் எல்லாம் தெய்வநாயகம் அண்ணாச்சி ஒருவரே. என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே எனக்கு ஆகாது.

“வே உச்சிமாகாளி, நாலு பேரு வருத்தம் போட்டுட்டான். நாமளும் போட்டுருவமா? மூணாவது பத்தி நம்ம பேப்பர்ல மட்டும்தான் இருக்கு. நீரு நேர்ல பாத்தீராவே?”

“பாத்தேன் அண்ணாச்சி.”

“பாத்தீருன்னா நாம எதுக்கு வருந்தணும்? அது அந்த நாலு பேரு பாடு. நம்ம ஆளு பாத்துருக்கான்.”

டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

ஜூன் 14

பிளம்பர் வந்தார். வால்வு போய்விட்டதாம். அறுநூறு ரூபாய்.

கோமதி பழைய பேப்பரை எடைக்குப் போட அடுக்கிக்கொண்டிருந்தாள். மே 27ஆம் தேதி இதழைப் பிரித்துப் படித்துவிட்டு, “அன்னிக்குத்தான நீங்க தலைக்கு மை அடிச்சிய? சாயந்தரம் முச்சூடும் துண்டப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தியளே” என்றாள்.

வால்வைப் பற்றிப் பேசினேன்.

ஆகஸ்ட் 22

வழக்கு தாக்கல் ஆகிவிட்டது. முதல் பிரதிவாதி அண்ணாச்சி, இரண்டாம் பிரதிவாதி நான். முத்திரைக் கட்டணம் மட்டும் முப்பத்தாறாயிரம் கட்டியிருக்கிறார் ஆவுடைத்தங்கம். வளையலை அடகு வைத்ததாகக் கேள்வி. நேரில் காணவில்லை.

அக்டோபர் 17

எதிருரை தாக்கல். ‘இரண்டாம் பிரதிவாதி தொழில் நேர்மையுடன் சம்பவ இடத்துக்குச் சென்று’ என்று எங்கள் வக்கீல் எழுதியிருக்கிறார். வாசித்துக் காட்டும்போது குரல் ஏற்ற இறக்கமெல்லாம் நன்றாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

2023 ஜனவரி 24

வாய்தா.

மார்ச் 7

வாய்தா. நீதிபதி விடுப்பு.

ஏப்ரல் 20

வாய்தா. வக்கீல்கள் புறக்கணிப்பு. எதற்கென்று அவர்களில் மூவரிடம் கேட்டேன், மூன்று காரணம் சொன்னார்கள். அதையே செய்தியாக அனுப்பினேன். அறுபது ரூபாய்.

ஜூலை 18

வாதியை எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். ஆவுடைத்தங்கத்தை இன்றுதான் முதன்முறையாக நேரில் பார்க்கிறேன். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒயர் கூடை. கூண்டில் ஏறும்போது அதைக் கீழே வைக்கட்டுமா என்று டவாலியிடம் கேட்டுவிட்டு வைத்தார்.

“இந்தச் செய்தியால உங்களுக்கு என்ன நஷ்டம்?”

“முந்தி வருசத்துக்கு நாப்பது, நாப்பத்தஞ்சு கல்யாணம் வரும். பேப்பர் வந்த மாசம் அட்வான்ஸ் குடுத்த ஏழு பேரும் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாவ. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல.”

“ஒண்ணுமே வரலியா?”

“ஒரு கருமாதி வந்துது. எங்க சித்தப்பாவுக்கு.”

எங்கள் வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் 16

ஞானதிரவியத்தின் மச்சினன் கல்யாணம். சாப்பாட்டு நேரத்தில் கை கழுவப் பின்பக்கம் போனேன். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆவுடைத்தங்கம். சமையல் வேறு ஒருவருடைய ஒப்பந்தம், இவர் நாள் கூலிக்கு. நாற்பது கல்யாணத்துக்கு உப்புப் பார்த்தவரிடம் ஒரு பையன் வந்து, “யக்கா, சீக்கிரம் உரி” என்றான்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். பசியில்லை என்று கோமதியிடம் சொன்னேன். பசித்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

2024 பிப்ரவரி 13

எழுதிக் கொடுத்த சாட்சியத்தைப் போன வாய்தாவிலேயே தாக்கல் செய்தாயிற்று. இன்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண். கோட்டு அவரைவிட ஒரு அளவு பெரிது. எங்கள் வக்கீல், “புள்ள புதுசு, பயப்படாதியும்” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

முதலில் மூன்றாம் பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

‘சமையல் கூடத்தில் பாத்திரங்களின் மேல் ஈக்கள் மொய்த்துக் கிடந்ததை நமது நிருபர் நேரில் கண்டார்.’

“இது நீங்க எழுதுனதுதான?”

“ஆமாம்.”

“சமையல் கூடம் மகால்ல எந்தப் பக்கம் இருக்கு?”

“பின்பக்கம்.”

“உள்ள போனீங்களா, வாசல்ல நின்னு பாத்தீங்களா?”

“உள்ளே போனேன்.”

“அடுப்பு எரிஞ்சுதா?”

“அணைந்திருந்தது. ஆனால் சூடு இருந்தது.”

சூட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானாகச் சேர்த்தேன். முப்பது வருடப் பழக்கம், கை சும்மா இருந்தாலும் வாய் ஒரு வாக்கியம் செருகிவிடுகிறது.

அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். மகால் கொடுத்த வாடகை ரசீது. அதில் ‘சமையல் கூடம் தேவையில்லை, பூட்டப்பட்டது’ என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தொட்டித் தண்ணீரில் பாசி இருந்ததால் அந்தத் தண்ணீரில் சமைக்க மாட்டேன் என்று ஆவுடைத்தங்கம் முந்தின நாளே சொல்லிவிட்டாராம். மூன்று கிலோமீட்டர் தள்ளி, தன் சொந்தக் கொட்டகையில், தன் கிணற்றுத் தண்ணீரில் ஆக்கி, வேனில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். வாந்தி எடுத்தவர்கள் மகால் டம்ளரில் தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்கள். சுகாதாரத் துறையின் பரிசோதனை அறிக்கை அடுத்த காகிதம்.

“பூட்டிக் கெடந்த கூடத்துக்குள்ள எப்படிப் போனீங்க?”

“நினைவில்லை.”

அதன் பிறகு ஆறு கேள்வி, ஆறு ‘நினைவில்லை’. மணி ஐந்தாகிவிட்டதால் மீதி மார்ச் 5க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். பின் பெஞ்சிலிருந்து ஆவுடைத்தங்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. அரிசியில் கல் பார்ப்பது போலப் பார்த்தார்.

பிப்ரவரி 14

எங்கள் வக்கீல்: “மறந்துட்டேன், வேற மண்டபத்தோட குழப்பிக்கிட்டேன்னு சொல்லிரும். ஒரு நிருபருக்கு ஆயிரம் மண்டபம்.”

அண்ணாச்சி காரில் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டார். இறங்கும்போதுதான் பேசினார்.

“வே, நீரு பாத்தேன்னு சொன்ன ஒத்தச் சொல்லுக்குத்தான் ரெண்டு வருசமா நிக்கேன். வயசாவுது, மறந்திருந்தா மறந்துட்டேன்னு சொல்லும். தப்பில்ல.”

எனக்குத் தப்பிக்க வழி செய்து கொடுக்கிறார் பாவி மனுஷன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 29

கோமதி தோசைக்கு அரைத்துக்கொண்டே கேட்டாள்.

“மை அடிச்சதக் கோர்ட்டுல சொன்னியளா?”

“அவங்க கேக்கல.”

“கேட்டாத்தான் சொல்லுவியளோ? அந்தப் பொம்பள தண்ணி சரியில்லன்னு சொந்தக் கெணத்துல எறைச்சு ஆக்கிப்போட்டுருக்கா. அவ தலையில மண்ணப் போட்டுட்டு, ஒங்க தலைக்கு மை ஒரு கேடா?”

கிரைண்டர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். நன்றாகக் கேட்டது.

மார்ச் 5

கூண்டில் ஏறினேன். அந்த வக்கீல் பெண் தொடங்குவதற்கு முன்னால், “ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஐயா” என்று நீதிபதியிடம் சொன்னேன். எங்கள் வக்கீல் எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

“நான் போகவில்லை. சமையல் கூடத்தைப் பார்க்கவில்லை. ஈக்களையும் பார்க்கவில்லை.”

“பின்னே அந்த வாக்கியம்?” என்றார் நீதிபதி.

“வேறொருவர் எழுதிய செய்தி. அப்படியே போட்டால் தெரிந்துவிடும் என்று நானாக ஒரு வாக்கியம் சேர்த்தேன்.”

“அன்று மாலை எங்கே இருந்தீர்கள்?”

“வீட்டில். தலைக்குச் சாயம் பூசி, காயும் வரை உட்கார்ந்திருந்தேன்.”

தட்டச்சு செய்த அம்மா கையை நிறுத்திவிட்டு, “சாயமா?” என்றார்.

“கறுப்பு” என்றேன்.

அதுவும் பதிவாகியிருக்கிறது. சத்தியப் பிரமாணத்தின் மேல் பொய் சொன்னதற்கு நடவடிக்கை எடுக்க முடியும் என்று நீதிபதி எச்சரித்தார். தலையாட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டவில்லை. இன்று காரில் ஏறச் சொல்லவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

மார்ச் 6

நாலு பத்திரிகையிலும் நான் செய்தி. ‘கோர்ட்டில் நிருபர் கதறல்.’ ‘கண்ணீர் மல்கக் கும்பிட்டார்.’ ஞானதிரவியத்தின் பத்திரிகையில் மயங்கி விழுந்திருக்கிறேன். நேற்றுக் கோர்ட்டுக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை.

மறுப்பு அனுப்பவில்லை.

ஜூன் 28

தீர்ப்பு. நஷ்டஈடு மூன்று லட்சம். வழக்குப் போட்ட நாள் முதல் கட்டும் நாள் வரை ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டி, இன்றுவரை 33,337. ஜெயித்த அளவுக்கு விகிதாசார வழக்குச் செலவு 24,350. கேட்ட அதே முதல் பக்கத்தில், அதே எழுத்தில் வருத்தம். நானாக உண்மையைச் சொன்னதால் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று நீதிபதி எழுதியிருக்கிறார்.

மொத்தம் 3,57,687. அந்த வாக்கியத்தில் பதினொரு சொற்கள். சொல்லுக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். எனக்குச் செய்திக்கு அறுபது ரூபாய்.

2022 ஜூனில் வருந்தியிருந்தால் மைச் செலவோடு போயிருக்கும். அச்சு மையைச் சொல்கிறேன்.

ஜூலை 1

கோமதியின் சங்கிலியையும் என் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். கோமதியே கழற்றிக் கொடுத்தாள். இரண்டையும் மேஜையில் வைத்தேன். அவர் தொடவில்லை. அப்பீல் இல்லை, தினமும் நாற்பத்தொன்பது ரூபாய் வட்டி ஏறுகிறது, காரை விலை பேசிவிட்டேன் என்றார்.

“செய்திக்கு அறுவது ரூவா வாங்குத ஆளுகிட்ட நான் எதைவே வாங்க? எடுத்துட்டுப் போம்.”

எடுத்துக்கொண்டேன்.

“பணம் போவட்டும். இனி நீரு ஒண்ணைப் பாத்தேன்னு சொன்னா நான் என்னவே செய்யட்டும்?”

காலண்டரைப் பார்த்துக்கொண்டு அவரே முடிவும் சொன்னார். நாளை முதல் நான் தேங்காய், பருத்தி, வெங்காய விலை நிலவரம் மட்டும் எழுத வேண்டும். மார்க்கெட் கமிட்டியிலிருந்து அச்சடித்தே வந்துவிடும், யாரும் நேரில் காண வேண்டியதில்லை.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இதற்குச் செய்தி வராது.

ஜூலை 12

முதல் பக்கத்தில் வருத்தம் வந்தது. என்னையே எழுதச் சொன்னார். ‘நமது நிருபர் அங்கு செல்லவே இல்லை’ என்று எழுதினேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

வெங்காயம் கிலோ இருபத்தெட்டு.

ஜூலை 15

கோர்ட்டில் பணம் கட்டியாயிற்று. அண்ணாச்சி பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார். அதே பஸ்ஸில் நானும். அவர் முன்னால், நான் பின்னால்.

ஆகஸ்ட் 29

ஆவுடைத்தங்கம் அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். அண்ணாச்சியும் எழுந்து நின்றார். ஆவுடைத்தங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணாச்சி, “பணம் கைக்கு வந்துட்டாம்மா?” என்றார்.

“வந்துட்டு. வளையலத் திருப்பிட்டேன்.”

“வருத்தம் பாத்தியளா? மொதப் பக்கம்.”

“பாத்தேன். நல்லாத்தான் போட்டிருக்கிய. ஆனா அண்ணாச்சி, ஈ மொய்ச்சத ஊரு முச்சூடும் படிச்சிட்டு. மொய்க்கலங்கறத யாரு படிக்கா? தீர்ப்பு வந்து ரெண்டு மாசமாவுது, ஒரு ஆர்டர் வரல.”

ஒயர் கூடையை மடிக்கு மாற்றிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“ரத வீதி பலசரக்குக் கடைக்காரரு பேத்திக்குக் காதுகுத்து. அஞ்சாந்தேதி, நூத்தம்பது எலை. ஏங்கிட்ட வந்தாரு. வந்துட்டு யோசிக்காரு. ‘எழுதுன ஆளு வந்து மொதப் பந்தியில ஒக்காந்து திங்கட்டும், ஆர்டர் ஒனக்குத்தான்’னு சொல்லிட்டாரு.” என்னைப் பார்த்தார். “அதான் வந்தேன் சார். நடு வரிசையில ஒக்காரணும். ஓரத்துல ஒக்காந்தா தெரியாது.”

“வருகிறேன்” என்றேன்.

“தீர்ப்புல இது இல்ல. நீங்க வரமாட்டேன்னாலும் நான் கேக்க முடியாது.”

“வருகிறேன்மா.”

“கூட்டு, பொரியல் எதையும் ஒதுக்கப்பிடாது. பாத்துக்கிட்டே இருப்பாவ.”

வீட்டில் சொன்னேன். கோமதி, “பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதும்பாவ. ஒங்களுக்கு எலை போட்டுக் கூப்புடுதாவ” என்றாள். வெள்ளைச் சட்டையை ஊறவைத்தாள்.

செப்டம்பர் 5

பதினொன்றரைக்கு முதல் பந்தி. நடு வரிசையில் நடு இலை. கடைக்காரரே கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்து, “மாலைத் தென்னொளி நிருபரு” என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். சலசலப்பு நின்றது. என் இரண்டு பக்கமும் இலை காலி. எதிர் வரிசை நிறைந்திருந்தது. ஆனால் ஒருவர் கையும் இலைக்குப் போகவில்லை.

உப்பு, ஊறுகாய், பச்சடி, அவியல், பொரியல். சோறு வந்தது. பருப்பும் நெய்யும் ஊற்றியது ஆவுடைத்தங்கம். “சாப்பிடுங்க சார்” என்றார். சொல்லிவிட்டு எதிர் வரிசைக்குப் போய் ஊற்றினார்.

எதிரே ஒரு பெரியவர், விபூதி, கைத்தறித் துண்டு. பருப்பை இலையில் வாங்கிக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிசைந்தேன். வாயில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. இந்தக் கைச் சாப்பாட்டைத்தான் இரண்டு வருடம் நான் ஊருக்கு இல்லாமல் செய்திருக்கிறேன் என்று நினைத்தபடி மென்றுகொண்டே இருந்தேன். பெரியவர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் கரண்டியோடு ஆவுடைத்தங்கம் காத்திருந்தார்.

விழுங்கினேன்.

பெரியவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்துப் பருப்பைப் பிசைந்தார். அவருக்குப் பக்கத்து இலை பிசைந்தது. அதற்குப் பக்கத்து இலை. என் வலது பக்கம் யாரோ வந்து உட்கார்ந்து, “ஏ தங்கம், இங்க அவியல் வரல” என்றார்.

ஆவுடைத்தங்கம் அவியல் வாளியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.